மிளகாய் வீட்டுக் கம்பளி

மாரிச்செல்வி முதன்முதலாகக் கம்பளியைக் கையில் எடுத்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, நெல்லும் மிளகாயும் போடுகிற ஒரு சிறிய ஊர் அவளுடையது. மார்கழியில்கூட ஒரு பழைய சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டால் போதும். செம்மறிகள் உண்டு, ஆனால் அந்தப் பக்கத்து வெள்ளைச் செம்மறியின் உடம்பில் இருப்பது தோலை ஒட்டிய குட்டை முடி. நூறு ஆட்டை மழித்தாலும் ஒரு கைக்குட்டை அளவு கம்பளி தேறாது.

அவளைக் கம்பளியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது மகள் சிநேகா. சிநேகாவுக்கு அப்போது பத்து வயது. பேச்சு வரவில்லை. காது கேட்டது; தேவைக்கு மேல் கேட்டது என்பதுதான் அவளுடைய துன்பம். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவாள். பஸ் ஹாரன் அடித்தால் தரையில் உட்கார்ந்துவிடுவாள். இவற்றையெல்லாம் வீடு எப்படியோ சமாளித்தது. மிக்சியை விட்டு அம்மிக்குப் போனார்கள். சமாளிக்க முடியாதது ஆவணியில் வருகிற எட்டு நாள் முளைப்பாரித் திருவிழா. அம்மன் கோவிலிலிருந்து தெருக்கோடி வரை கம்பத்துக்குக் கம்பம் குழாய் ரேடியோ என்கிற கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டுவார்கள். அதில் ஒரு குழாய் மாரிச்செல்வி வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் இருந்தது. அந்த வருடம் மூன்றாம் நாள் சாயங்காலம், கும்மிப் பாட்டு தொடங்கிய சிறிது நேரத்தில், சிநேகா நிலைப்படியில் மோதி நெற்றி பிளந்தது. ஐந்து தையல். தையல் போட்ட டாக்டர்தான் இராமநாதபுரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு மையம் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

மையத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு. அங்கே பயிற்சி கொடுத்தவள் சுஹா என்ற கீழக்கரைப் பெண், முப்பது வயதுக்குள் இருப்பாள். உள்ளறைச் சுவரில் அவள் தன் கையால் செய்த கம்பளித் தகடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். நெய்ததோ பின்னியதோ இல்லை. கம்பளிப் பஞ்சையே நனைத்துத் தேய்த்து உருட்டி இறுக்கிய, விரல் தடிமன் உள்ள தகடு. தை மாதத்தில் ஒரு நாள் தெருவில் ஏதோ கட்சிக்காரர்கள் மைக் கட்டிப் போனார்கள். சிநேகா எழுந்து ஓடி அந்தத் தகட்டில் முகத்தைப் பதித்து நின்றாள். மாரிச்செல்வி எழுந்து ஓடிப்போய்ப் பிடிப்பதற்குத் தயாரானாள். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் முதுகு ஏறி இறங்குவது மெதுவாகி, பிறகு தூங்குகிறவளுடைய முதுகைப் போல ஆனது. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றாள்.

அன்று மாரிச்செல்வி அந்தத் தகடு எங்கே கிடைக்கும் என்று கேட்கவில்லை. எப்படிச் செய்வது என்று கேட்டாள்.

சுஹா கற்றுக்கொடுத்தாள். கொடைக்கானல் மலைப்பக்கத்திலிருந்து சீவிய கம்பளிப் பஞ்சைத் தருவித்தும் கொடுத்தாள். பஞ்சைப் பிய்த்து நீளவாக்கில் ஒரு அடுக்கு, குறுக்குவாக்கில் ஒரு அடுக்கு என்று மெல்லிசாகப் பரப்ப வேண்டும். மேலே கொசுவலைத் துணியை விரித்து, சூடான சோப்புத் தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட பிறகு பாயில் சுருட்டிக் கட்டி உருட்ட வேண்டும். நூறு முறை உருட்டிப் பிரித்து, திசை மாற்றி, மறுபடியும் நூறு. மாரிச்செல்வி பனை ஓலைப் பாயில் சுருட்டிக் காலால் உருட்டினாள். கையை விடக் காலுக்கு அழுத்தம் அதிகம் என்பது அவள் கண்டுபிடிப்பு.

தொல்லை தண்ணீரில் இருந்தது. அவள் வீட்டு அடிபம்புத் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. கம்பளி இறுகாமல் திரிதிரியாக நிற்கும். குடிக்க வருகிற குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆனால் அது மூன்று நாளைக்கு ஒருமுறை. அந்தத் தண்ணீரைக் கம்பளியில் கொட்டுகிறாள் என்று தெரு பேசியது. பக்கத்து வீட்டுப் பூமயில் அவளுக்கு மதினி முறை. வேலியோரம் நின்று, "என்ன மதினி, ஆட்டுக்குச் சட்டை தைக்கிறியாக்கும்?" என்று கேட்டாள். மாரிச்செல்வி உருட்டுவதை நிறுத்தாமல், அளவு எடுக்க நீ வந்து நில்லு என்றாள். பூமயில் சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் அந்த வாரத்திலிருந்து தன் முறைத் தண்ணீரில் ஒரு குடம் வேலியோரம் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள்.

கணவன் வேல்ராஜ் அப்படி இல்லை. அவன் கெட்டவனல்ல, நம்பி ஏமாறுவதை நிறுத்திக்கொண்டவன். மதுரை, திருச்சி, நாட்டு வைத்தியம், பூசாரி என்று ஏழு வருடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்த பிறகு அவன் மிளகாயோடு மட்டும் பேசுகிறவனாக ஆகியிருந்தான். டீக்கடையில் எவனோ விசாரித்ததற்கு, வீட்டில் சுவருக்குப் போர்வை போர்த்துகிறார்கள் என்று சொன்னானாம்.

மாரிச்செல்வி செய்தவை அழகானவை என்று சொல்வது கடினம். ஓரங்கள் நேராக இருக்காது. சாயம் போட அவளுக்குத் தெரியாது. வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று ஆட்டின் நிறங்களே அதிலும் இருந்தன. பூ, மயில் எதுவும் கிடையாது. தண்ணீர் வற்றிய கண்மாயைக் கரையில் நின்று பார்த்தால் தெரிகிற படுக்கைக் கோடுகள் மட்டும். ஆனால் அதன் முன்னால் நின்றால் கண் எங்கேயும் இடறாமல் போய்க்கொண்டிருக்கும். அவளுக்கு அந்த விளைவு தெரிந்தே வந்ததா என்று சொல்ல முடியாது. பிள்ளைக்குப் பிடிக்காததை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனாள், மிஞ்சியது அது.

முதல் தகடு ஒரு தலையணை அளவு. அதை நடுவீட்டு மூலையில் பிள்ளையின் முக உயரத்துக்கு மாட்டினாள். சிநேகா அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் மாரிச்செல்வி துணிந்து மிக்சியைப் போட்டாள். பிள்ளை எழுந்து மூலைக்குப் போய் முகத்தைப் பதித்துக்கொண்டாள். சட்னி அரைந்து முடிந்தது. மூன்று வருடத்தில் அந்த வீட்டில் மிக்சியில் அரைத்த முதல் சட்னி அது. வைகாசியில் ஒரு கல்யாண வேன் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றது. அதையும் பிள்ளை தாங்கினாள்.

அப்போதுதான் மாரிச்செல்விக்கு அந்த எண்ணம் வந்தது. மூலையின் இரண்டு சுவரையும் மறைக்கிற மாதிரி மூன்று பெரிய தகடுகள் செய்து, பிள்ளைக்குப் பழகிய சிறியதை நடுவில் வைத்துத் தைத்துவிட்டால், ஆவணியின் எட்டு நாளையும் சிநேகா வீட்டுக்குள்ளேயே கடந்துவிடலாம். அவள் கேட்டது அவ்வளவுதான். பிள்ளை பேச வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டாள். நெற்றியில் இன்னொரு தையல் விழக் கூடாது.

அதற்கு முன் இன்னொரு கதவையும் தட்டிப் பார்த்தாள். திருவிழாவை நடத்துகிற கூத்தையா அவளுக்குச் சித்தப்பா முறை. எதிர்க் கம்பத்துக் குழாயை மட்டும் கழற்றச் சொல்லிக் கேட்டாள். அவர் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார்.

"கழட்டுனா அந்த வீட்டுக்கு மட்டும் ஆத்தா பாட்டுக் கேக்காதான்னு நாளைக்கி எல்லாரும் கேப்பாய்ங்க. வேற பக்கமாத் திருப்பிக் கட்டச் சொல்றேன் தாயி. சாமி கோவிச்சிக்கிட்டா ஒம் பேரச் சொல்லிருவேன்."

"சொல்லுங்க. எங்க மேல இன்னும் கோவிக்க என்ன பாக்கி இருக்கு?"

அவர் அதற்குச் சிரிக்கவில்லை.

ஆனி முழுவதும், ஆடி முழுவதும் அவள் உருட்டினாள். ஆடியில் ஒரு நாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, வேல்ராஜ் நடுவீட்டு மூலையில் மகளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தான். தகட்டின் ஒரு பக்கத்தில் பிள்ளையின் கன்னம், மறுபக்கத்தில் அவன் கன்னம். அவன் கண்ணை மூடியிருந்தான். மாரிச்செல்வி சத்தமில்லாமல் அடுப்புக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் அவன் மொபெட்டில் இரண்டு பக்கமும் குடம் கட்டி, எங்கிருந்தோ நல்ல தண்ணீர் கொண்டுவந்து இறக்கினான். அந்த வீட்டில் அவ்வளவு நம்பிக்கை ஒன்றாகச் சேர்ந்தது அந்த ஒரு மாதம்தான்.

முடிந்த தகடுகளை அவள் தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்தாள். சிறிய தகட்டையும், நடுவில் வைத்துத் தைப்பதற்காக, திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு அலசிக் காயவைத்துப் பெட்டிக்குள் போட்டாள். அதன் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. பூச்சி. கம்பளியைத் தின்கிற பூச்சி உண்டு என்று சுஹா சொல்லியிருந்தாள். அந்துருண்டை போட முடியாது; அந்த வாடைக்குச் சிநேகா வாந்தியெடுப்பாள். வேப்பிலை போடலாம் என்று நினைத்தாள்; காய்ந்து தூளாகிக் கம்பளியில் ஒட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள். கவலையை வேல்ராஜிடம் சொன்னாள். சொன்னதோடு சரி.

அந்தப் பக்கத்தில் உளுந்துப் பானையிலும் அரிசி டிரம்மிலும் வண்டு விழாமல் இருக்க முண்டு என்கிற குண்டு மிளகாய் வற்றல் நாலைப் போட்டு வைப்பார்கள். யாரும் கற்றுக்கொடுத்துச் செய்வதில்லை. வேல்ராஜ் விலை ஏறட்டும் என்று வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு கை மிளகாய் அள்ளிக் கம்பளி மடிப்புகளுக்குள் போட்டான். மூடி சரியாக உட்காரவில்லை என்று பெட்டியின் மேல் உர மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்தான். மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அரிசி டிரம்மில் மிளகாய் போட்டதை யாராவது சொல்வார்களா?

திருவிழாவின் முதல் நாள் காலையில் மாரிச்செல்வி பெட்டியைத் திறந்தாள். மடிப்பிலிருந்து மிளகாய்கள் உருண்டன. சில நொறுங்கியிருந்தன. அவள் ஒவ்வொரு தகட்டையும் முற்றத்துக்குக் கொண்டுபோய் உதறினாள். கையால் தட்டினாள். மூக்கில் வைத்து மோந்தும் பார்த்தாள். கம்பளி வாடைதான் வந்தது. மாசியிலிருந்து சித்திரை வரை மிளகாய் காய்கிற முற்றம் அது. மீதி மாதங்களில் மூட்டைகள் படுத்திருக்கிற வீடு. அங்கே இருக்கிற மூக்குக்கு மிளகாய் நெடி தனியாகத் தெரியாது. பறிக்கிற கைக்கும் எரிச்சல் தெரியாது. பூச்சி விழவில்லை என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நாலு தகட்டையும் சேர்த்துத் தைத்து மூலையில் மாட்டினாள். வேல்ராஜ் ஆணி அடித்தான்.

சாயங்காலம் குழாய் பேசியது. கூத்தையா சொன்னபடி அதைத் திருப்பித்தான் கட்டியிருந்தார்கள். சத்தம் எதிர் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சிநேகா காதைப் பொத்தினாள். பிறகு தானாகவே, யாரும் காட்டாமல், மூலைக்கு ஓடினாள். அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கம்பளி இப்போது இரண்டு சுவராக இருந்தது. பிள்ளை இரண்டுக்கும் இடையில் முகத்தை ஆழப் புதைத்து, கண்ணையும் வாயையும் திறந்து, இடமும் வலமுமாகத் தேய்த்துக்கொண்டாள்.

முதலில் சத்தம் வரவில்லை. மூச்சு நின்றுவிட்டது போல இருந்தது. பிறகு வந்தது.

தண்ணீர் ஊற்றினார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஏன் எரிகிறது என்று அவளுக்குச் சொல்ல முடியாது. எங்கே எரிகிறது என்று அவளாலும் சொல்ல முடியாது. கண் எரிச்சலும் வெளியே குழாய்ப் பாட்டும் சேர்ந்து வந்தன. ஓடி ஒளிகிற ஒரே இடத்திலிருந்தே அந்த எரிச்சல் வந்தது. வேல்ராஜ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கருவேலங்காட்டுத் தடத்தில் ஓடினான். ஒரு மைல் தள்ளி அவர்கள் மிளகாய்க் கொல்லையில் மோட்டார் ரூம் இருந்தது. அங்கே பாட்டு ஒரு முணுமுணுப்பாக மட்டும் கேட்டது. பிள்ளை அவன் தோளைக் கடித்திருந்தாள். சட்டையில் ரத்தம் இருந்ததை அவன் பிறகுதான் பார்த்தான்.

மாரிச்செல்வி தண்ணீர்க் குடத்தோடு பின்னால் வந்து சேர்ந்தாள். அவளுடைய கையும் இப்போது எரிந்தது. பிள்ளையின் கண்ணைக் கழுவிய ஈரத்தில், சோப்புத் தண்ணீரால் கையில் விழுந்திருந்த வெடிப்புகள் விழித்துக்கொண்டிருந்தன. கையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"பூச்சி விழுந்துரும்னு போட்டேன்" என்றான்.

"நல்லதுக்குத்தான் போட்டீக."

"நீயும் ஒதறிப் பாத்துட்டுத்தான மாட்டுன."

"நானுந்தான். மோந்துகூடப் பாத்தேன்."

ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டிருந்தால் அந்தப் பழியையாவது எங்கேயாவது இறக்கி வைத்திருக்கலாம். அவன் செய்தது சரியான காரியம். அவள் செய்ததும் சரியான காரியம். சரியான காரியங்களின் முடிவில் பிள்ளை மோட்டார் ரூம் சிமெண்டுத் தரையில் கண் வீங்கிக் கிடந்தாள். உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு குற்றவாளி வேண்டும் என்று மனிதர்கள் ஏன் தேடுகிறார்கள் என்பது அந்த மாதிரி இடத்தில் புரியும். குற்றவாளி கிடைத்தால் அடுத்த முறை என்று ஒன்று இருக்கும்.

எட்டு நாள் சாயங்காலமும் மூவரும் மோட்டார் ரூமில் இருந்தார்கள். கண் வீக்கம் மூன்றாம் நாள் வடிந்தது. ஒன்பதாம் நாள் முளைப்பாரியைக் கண்மாயில் கரைத்துவிட்டு ஊர் அடங்கியது.

பிறகு மாரிச்செல்வி கம்பளியைப் பிரித்துத் துவைத்தாள். வேல்ராஜ் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். பூமயில் தன் வீட்டுக் குடங்களையும் தூக்கி வந்தாள், இந்த முறை கேலி பேசவில்லை. நான்கு தண்ணீர் மாற்றினார்கள். காய்ந்ததும் மாரிச்செல்வி யாரும் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு தகட்டையும் எடுத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தை அதில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். வாயைத் திறந்து நாக்கால் தொட்டுப் பார்த்தாள். மிளகாய் வீட்டு நாக்கை நம்ப முடியாது என்று கீழக்கரைக்குச் சுஹாவிடம் அனுப்பி, அவளையும் கண்ணில் ஒற்றிப் பார்க்கச் சொன்னாள். எரிச்சல் இல்லை என்று சுஹா போன் செய்தாள். கம்பளி சுத்தமாகிவிட்டது.

சிறிய தகட்டை மட்டும் மறுபடி மூலையில் மாட்டினாள். சிநேகா நடுவீட்டுக்குள் வரவில்லை. சுவரோரமாக நகர்ந்து அடுப்படிக்குப் போனாள். மாரிச்செல்வி மூலையில் நின்று, பிள்ளை பார்க்கும்படி, தன் முகத்தைத் தகட்டில் வைத்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிள்ளையிடம் வந்து குனிந்தாள். சிநேகா அம்மாவின் கன்னத்தை மோந்து பார்த்தாள். உடனே இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். தள்ளிய கைகளைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

மையத்தில் சுஹா வேறு வழிகள் முயன்றாள். வேறு நிறம், பருத்தி, பஞ்சு மெத்தை. கம்பளி இருக்கிற அறைக்குள்ளேயே பிள்ளை வர மறுத்ததால் தன்னுடைய தகட்டையும் கழற்றிவிட்டாள். ஐப்பசி வரை பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாரிச்செல்வியை உட்காரவைத்துச் சொன்னாள்.

"மாரிக்கா, நம்மள மாதிரி அவளால மறக்க முடியாது. அன்னைக்கி நடந்தது அவளுக்கு இன்னைக்கித்தான் நடந்த மாதிரி இருக்கும். அல்லாஹ் நாடுனா திரும்ப வரும். ஆனா நான் உங்களுக்கு வாக்குக் குடுக்க மாட்டேன்."

மாரிச்செல்வி சுஹா பொய் சொல்லாததற்கு நன்றி சொல்ல நினைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

கம்பளியைத் தொடுவதை அவள் விட்டாள். ஐந்து மாதம் பஞ்சுப் பக்கமே போகவில்லை. புளி போட்டுக் கை தேய்த்தாள், பழைய சேலைகளை மாற்றினாள். மகள் கையைப் பிடிக்க வருவாள், மணிக்கட்டை மூக்கிடம் கொண்டுபோவாள், விட்டுவிடுவாள். அந்தக் கையில் கம்பளி வாடை இல்லை. வாடை இப்போது பிள்ளையின் நினைவில் இருந்தது, அங்கே தண்ணீர் எட்டாது. பங்குனியில் மாரிச்செல்வி மறுபடி பாயை விரித்தாள், வீட்டில் அல்ல, மையத்தில், பிள்ளை வகுப்பில் இருக்கிற நேரத்தில். இடையில் விட்டிருந்ததைத் தியாகம் என்று சொல்வதற்கில்லை. நிறுத்தியதால் பிள்ளைக்கு எதுவும் கிடைக்கவில்லை. காலால் பாயை உருட்டுகிற அந்த ஒரு மணி நேரம் அவளுக்காவது மூச்சு சீராக வந்தது. அமைதி தரும் என்று அவள் செய்த பொருள் அமைதி தந்தது பெரும்பாலும் அவளுக்குத்தான் என்ற சந்தேகம் அவளுக்கே உண்டு. அதைச் சுஹாவிடம் ஒருமுறை சொன்னாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போல.

அவள் செய்த தகடுகள் இப்போது சில வீடுகளில் தொங்குகின்றன. இராமேஸ்வரத்தில் ஒரு விடுதிக்காரர் இரண்டு வாங்கினார். திருப்புல்லாணிப் பக்கம் தூக்கம் வராத ஒரு வாத்தியார் கட்டிலுக்கு எதிரே ஒன்றை மாட்டியிருக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்தால் மனம் அடங்குகிறது என்று சொல்லி அனுப்பினார். மாரிச்செல்வி அதைக் கேட்டுத் தலையாட்டினாள். வீட்டு மூலையில் இரண்டு ஆணிகள் மட்டும் இருக்கின்றன.

ஆவணி அடுத்தடுத்து இரண்டு முறை வந்து போனது. வேல்ராஜ் மோட்டார் ரூமுக்கு ஒரு கதவு போட்டு, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறான். அவன் இப்போது அரிசி டிரம்மில்கூட மிளகாய் போடுவதில்லை. வண்டு விழுந்த அரிசியை மாரிச்செல்வி முறத்தில் புடைக்கிறாள். சிநேகாவுக்குப் பதிமூன்று வயது. தோளில் தூக்கிக்கொண்டு ஓட முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அதனால் குழாய் கட்ட ஆள் வருகிற அன்று மதியமே கிளம்பிவிடுகிறார்கள். தடம் குறுகலானது, கருவேலமுள் இரண்டு பக்கமும் இருக்கும். யாராவது பிள்ளையின் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.

இந்த வருடமும் மாரிச்செல்வி வாசலில் நின்று கையை நீட்டினாள். மூன்று நாளாக அவள் மையத்துக்குப் போகவில்லை. காலையில் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்திருந்தாள். சிநேகா மணிக்கட்டைப் பிடித்தாள், மூக்கருகில் கொண்டுபோனாள், வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டு அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மாரிச்செல்வி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.